கணிப்பொறிக்குள் ஓடும் தண்ணீர்

தஞ்சாவூரிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குப் போகும் நெடுஞ்சாலையில் வல்லத்தையும் செங்கிப்பட்டியையும் தாண்டி, ஆற்றுப் பாசனத்தின் பசுமை பின்தங்கி மேட்டு நிலம் தலைகாட்டுகிற துவாக்குடியை அடைந்தால், 1964-ஆம் ஆண்டில் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தோன்றி இப்போது தேசியத் தொழில்நுட்பக் கழகம் என்ற பெயரோடு விளங்கும் கலாசாலையைக் காணலாம். தேசிய சூப்பர் கம்ப்யூட்டர் இயக்கத்தின் கீழ், சி-டாக் என்று எல்லோரும் அழைக்கும் மத்திய அரசு ஸ்தாபனத்தின் முயற்சியால் அமைந்த 'பரம் பொருள்' என்னும் மகா கணிப்பொறி, 2022-ஆம் ஆண்டு மே மாதம் 25-ஆம் தேதி அங்கே அர்ப்பணம் செய்யப்பட்டது. அதன் ஆற்றல் 838 டெராஃப்ளாப்ஸ். சாமான்ய பாஷையில் சொன்னால், ஒரு விநாடிக்குள் 838 லட்சம் கோடிக் கணக்குகள். இவ்வளவு கணக்கையும் போடுகிறபோது அந்த யந்திரத்திற்குள் பிறக்கும் உஷ்ணத்தை, காற்றை ஊதி அகற்றுவதோடு நின்றுவிடாமல், சூடேறும் சில்லுகளின் மேல் ஒட்டினாற்போல் திரவத்தை ஓடவிட்டு வாங்கிக்கொள்ளும் முறை அதில் கையாளப்பட்டிருக்கிறது. அதே சாலையில் சிறிது தூரத்திலேயே, திருவெறும்பூரில், 1965-ஆம் ஆண்டு முதல் நாட்டின் மின்நிலையங்களுக்குக் கொதிகலன் செய்து அனுப்பும் பெல் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே தண்ணீருக்குள் உஷ்ணத்தை ஏற்றுவதற்கு வித்தை கற்கிறார்கள், இங்கே தண்ணீரைக் கொண்டு உஷ்ணத்தை இறக்குவதற்கு வித்தை செய்கிறார்கள் என்று எண்ணும்போது, அந்தச் சாலையின்மீது ஒரு தனி மரியாதை உண்டாகிறது.

மகா கணிப்பொறியில் நடக்கும் இந்தக் காரியம், சிறிய அளவில், இப்போது நம்முடைய வீடுகளுக்கும் கடைகளுக்கும் வந்துவிட்டது. தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் கல்யாண வீடியோக்களைத் தொகுத்துத் தரும் ஸ்டூடியோக்காரர்கள், முகூர்த்த நாட்கள் நெருக்கமாக வருகிற ஆவணியிலும் தையிலும், இராத்திரி முழுவதும் கணிப்பொறியை ஓடவிட்டுவிட்டுத்தான் படுக்கப் போகிறார்கள். பொறியியல் படிக்கும் பிள்ளைகள், பாடத்திற்கென்று வாங்கிய யந்திரத்தில் விளையாட்டும் ஆடுகிறார்கள். இவ்விருவருடைய கணிப்பொறிகளிலும், கணக்குப் போடும் சில்லான பிராசசரின் மேல் ஒரு வட்டமான மூடியும், அதிலிருந்து புறப்படும் இரண்டு கறுப்புக் குழாய்களும், அக்குழாய்கள் சென்று சேருகிற, மோட்டார் காரின் முன்புறத்தில் இருப்பதைப் போன்ற ஒரு ரேடியேட்டரும், அதன்மீது வரிசையாக மாட்டிய விசிறிகளும் இன்று சகஜமாகத் தென்படுகின்றன. கண்ணாடிப் பலகைக்குப் பின்னே அவை பல வர்ணங்களில் மின்னுவதைப் பார்த்து ஆசைப்படுகிறவர் பலர். அவற்றை எந்த இடத்தில், எந்தத் திசையை நோக்கி மாட்ட வேண்டும் என்று யோசிக்கிறவர் சிலர். யோசிக்காமல் மாட்டிய ரேடியேட்டர், விலை மலிந்த சாதாரண விசிறி செய்கிற வேலையைக்கூடச் செய்யாமல் போவதுண்டு என்பதனால், இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

முதலாவதாக, உஷ்ணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொள்வது அவசியம். கணிப்பொறி மின்சாரத்தை உட்கொண்டு கணக்குப் போடுகிறது. ஆனால் போட்ட கணக்கு எடையாகவோ அசைவாகவோ வெளியே வருவதில்லை. ஆகையால் உட்கொண்ட மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் உஷ்ணமாகவே மாறி வெளிப்படுகிறது. இக்காலத்து உயர்தரப் பிராசசர் ஒன்று, முழு மூச்சோடு உழைக்கும்போது, சுமார் 250 வாட் வரை இழுக்கிறது. இன்டெல் கம்பெனியின் 13900கே என்ற பிராசசருக்குக் கம்பெனியாரே விதித்திருக்கும் உச்ச வரம்பு 253 வாட். இந்த உஷ்ணம் அத்தனையும் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிதான ஒரு சிலிக்கன் சில்லிலிருந்து கிளம்புகிறது என்பதுதான் இதிலுள்ள சங்கடம். சில்லின் உஷ்ணம் 95 அல்லது 100 டிகிரியைத் தொட்டால், அது தன்னைத் தற்காத்துக்கொள்ளும் பொருட்டுத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போது யந்திரம் கெட்டுப்போவதில்லை, ஆனால் காசு கொடுத்து வாங்கிய வேகம் கிடைப்பதில்லை.

அந்த உஷ்ணத்தை வாங்கிக்கொள்ளத் தண்ணீர் ஏன் தகுதியானது என்றால், அதன் இயல்பே அப்படி. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி சூடேறுவதற்கு எவ்வளவு உஷ்ணத்தை உள்வாங்குகிறதோ, அவ்வளவு உஷ்ணத்தை அதே ஒரு டிகிரி உயர்வில் உள்வாங்கக் காற்றாயிருந்தால் ஏறக்குறைய 3,500 லிட்டர் வேண்டும். இந்த உண்மையை நம்முடைய விவசாயிகள் புஸ்தகம் படிக்காமலே அறிந்திருந்தார்கள். காவிரி டெல்டாவில் பில்டர் பாயிண்ட் என்ற குழாய்க் கிணறு இறக்கி டீசல் எஞ்சினால் தண்ணீர் இறைத்த நாட்களில், பம்பு இறைக்கும் தண்ணீரிலிருந்தே ஒரு சிறு குழாயைப் பிரித்து எஞ்சினின் சுற்றுறைக்குள் விட்டிருப்பார்கள். குளிர்ந்து உள்ளே போன தண்ணீர் சுடச்சுட வெளியே வந்து வாய்க்காலில் விழும். பனிக்காலத்து விடியற்காலையில் அந்தச் சுடுதண்ணீரில் குளித்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த எஞ்சினுக்கு ரேடியேட்டர் என்ற ஒன்று வேண்டியிருக்கவில்லை. ஏனென்றால், சூடேறிய தண்ணீர் வயலுக்குப் போய்விட்டது, அதன் இடத்திற்குப் பூமியிலிருந்து புதுத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. கணிப்பொறியின் நிலைமை அப்படியல்ல. அதற்குள் இருப்பது சில கோப்பை அளவு திரவம். போன தண்ணீரே திரும்பி வரவேண்டும். வாங்கிய உஷ்ணத்தை வழியிலேயே எங்கேனும் இறக்கி வைத்துவிட்டு வரவேண்டும். இறக்கி வைக்கும் இடம் ரேடியேட்டர். அங்கிருந்து அதை வாங்கிக்கொண்டு போகிறது அறையிலுள்ள காற்று. ஆகவே, தண்ணீரால் குளிரும் கணிப்பொறி என்று நாம் சொன்னாலும், கடைசியில் அதைக் குளிர்விப்பது காற்றுதான். தண்ணீர் இடையில் நின்று சுமை தூக்குகிறது. விசிறியும் ரேடியேட்டரும் எப்படி அமைய வேண்டும் என்பதைப் பற்றிய விதிகள் அனைத்தும் இந்த ஒரு விஷயத்திலிருந்து பிறப்பவையே.

சில எண்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். நிமிஷத்திற்கு ஒரு லிட்டர் வீதம் தண்ணீர் ஓடுகிற ஒரு சுற்றில், 250 வாட் உஷ்ணம் ஏறினால், பிராசசருக்குள் நுழையும் தண்ணீருக்கும் வெளியேறும் தண்ணீருக்கும் உள்ள பேதம் மூன்றரை டிகிரிக்குச் சற்று மேல், அவ்வளவே. ஆகவே சுற்றுக்குள் எந்த இடத்தில் தொட்டாலும் தண்ணீர் கிட்டத்தட்ட ஒரே சூடாகத்தான் இருக்கும். எந்த உறுப்பு முதலில், எந்த உறுப்பு பின்னால் என்று வரிசையைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களின் கவலை பெரும்பாலும் வீண். அதே 250 வாட்டை வெளியேற்ற, மணிக்கு 100 கன மீட்டர் காற்று ரேடியேட்டரை ஊடுருவிச் சென்றால், அந்தக் காற்று எட்டு டிகிரி சூடேறி வெளிவரும்; 50 கன மீட்டர்தான் சென்றால் பதினாறு டிகிரி. தண்ணீரின் பக்கத்தில் தாராளமும் காற்றின் பக்கத்தில் நெருக்கடியும் இருப்பது இதிலிருந்து தெரிகிறது. பம்பை இன்னும் வேகமாக ஓட்டுவதால் கிடைக்கும் லாபம் அற்பம். காற்றுக்கு வழி செய்து கொடுப்பதால் கிடைக்கும் லாபம் அதிகம்.

தண்ணீர் சூடாக நேரம் பிடிப்பதைக் கண்டு மயங்குகிறவர்களும் உண்டு. புதிதாக மாட்டிய அன்று பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்து, 'ஆகா, ஐம்பது டிகிரியைத் தாண்டவில்லை' என்று மகிழ்வார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் 250 வாட் உஷ்ணத்தை வாங்கிக்கொண்டு, எதையும் வெளிவிடாமல், 20 டிகிரி உயர்வதற்கு ஆறு நிமிஷம்கூட ஆகாது. ரேடியேட்டர் ஓரளவு வேலை செய்துகொண்டிருந்தால் அந்த உயர்வு அரைமணி வரை இழுபடும். அதன் பிறகுதான் வரவும் செலவும் சமமாகி உண்மையான நிலை தெரியும். கல்யாண வீடியோவை நான்கைந்து மணி நேரம் தொடர்ந்து தயாரிக்கிறவர், முதல் பத்து நிமிஷத்தின் எண்ணை நம்பலாகாது.

இனி ரேடியேட்டருக்கு வருவோம். தட்டையான மெல்லிய குழாய்கள் வரிசையாகச் சென்று, அவற்றிற்கிடையே காகிதம்போல் மெல்லிய உலோகத் தகடுகள் மடிப்பு மடிப்பாக ஒட்டியிருப்பதே அதன் ரூபம். விசிறியின் அளவை வைத்தே அதன் அளவையும் சொல்வது வழக்கம்: 120 மில்லிமீட்டர் விசிறி இரண்டு மாட்டினால் 240, மூன்று மாட்டினால் 360, 140 மில்லிமீட்டர் விசிறியானால் 280, 420. நடுத்தர வேகத்தில் சுழலும் விசிறியோடு கூடிய ஒவ்வொரு 120 மில்லிமீட்டர் பகுதியும் ஏறக்குறைய 100 வாட்டைச் சமாளிக்கும் என்பது அனுபவசாலிகளின் தோராயக் கணக்கு. அதன்படி 250 வாட் பிராசசருக்கு 360 தக்கது. 240-ஐ வைத்துக்கொண்டு விசிறியை அலற விடுவதும் ஒரு வழிதான், ஆனால் காதுக்கு இதமான வழியல்ல. ரேடியேட்டரின் தடிமன் 27 மில்லிமீட்டரிலிருந்து 60 வரை உண்டு. தடித்தது சிறந்தது என்று கொள்ளவேண்டாம். முதல் பாதியைக் கடந்த காற்று ஏற்கெனவே சூடாகியிருப்பதால் பின்பாதிக்கு அது செய்யும் உபகாரம் குறைவு. கடையில் ஒருவரும் கேட்காத, ஆனால் நம் ஊரில் முக்கியமான, விஷயம் ஒன்று உண்டு: ஓர் அங்குலத்திற்குள் எத்தனை தகடுகள் என்பது. பத்திலிருந்து முப்பது வரை அது வேறுபடும். தகடுகள் நெருங்க நெருங்க உஷ்ணம் வெளியேறும் பரப்பு அதிகரிக்கிறது. கூடவே காற்று நுழைவதும் சிரமமாகிறது, புழுதி சிக்குவதும் சுலபமாகிறது. டெல்டாவில் வாழ்கிறவர், தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால், நெருக்கம் குறைந்ததையே வாங்குவது விவேகம்.

விசிறி எல்லாம் ஒன்றுபோல் இருப்பதாக நினைப்பது இயற்கை. உண்மையில் இரண்டு ஜாதி உண்டு. தடையில்லாத இடத்தில் ஏராளமான காற்றைத் தள்ளுவது ஒன்று. தடையை எதிர்த்து அழுத்தத்தோடு தள்ளுவது மற்றொன்று. ரேடியேட்டரின் நெருங்கிய தகடுகளுக்குள் காற்று போக வேண்டுமானால் அழுத்தம் வேண்டும். ஆகையால், இதழ்கள் அகன்று, இடைவெளி குறைந்து அமைந்த இரண்டாவது ஜாதியே ரேடியேட்டருக்கு உரியது. பெட்டியின்மேல், அழுத்தத்தைத் தண்ணீர் மில்லிமீட்டர் கணக்கில் அச்சிட்டிருப்பார்கள். 2 அல்லது அதற்கு மேலிருந்தால் நல்லது. மணிக்கு 100 கன மீட்டர் என்று பெட்டியில் போட்டிருக்கும் விசிறி, ரேடியேட்டரில் மாட்டியபின் அதில் பாதியைத்தான் தள்ளும் என்று வைத்துக்கொள்வது பத்திரமான மதிப்பீடு.

விசிறியின் வேகத்தைப் பற்றிய கணித சாஸ்திரம் சுவாரஸ்யமானது. வேகத்தை இரட்டித்தால் காற்று இரண்டு பங்காகிறது. அதற்குச் செலவாகும் சக்தியோ எட்டுப் பங்காகிறது. சத்தம் சுமார் 15 டெசிபெல் ஏறுகிறது. ஆகையால் ஒரு விசிறியை விரட்டுவதைவிட மூன்று விசிறிகளை நிதானமாக ஓட்டுவது மேல். பெரிய ரேடியேட்டரின் மகிமை குளிர்ச்சியைவிட மௌனத்திலேயே அதிகம் என்று சொல்வேன்.

விசிறி காற்றை எந்தப் பக்கமாகத் தள்ளுகிறது என்பதைச் சரியாகப் பார்க்காமல் மாட்டுவதுதான் அடிக்கடி நேரும் அபத்தம். இதழ்கள் மறைவின்றித் தெரியும் முகத்தின் வழியாகக் காற்று நுழைகிறது. மோட்டாரைத் தாங்கும் கம்பிச் சட்டம் குறுக்கே தெரியும் முகத்தின் வழியாக வெளியேறுகிறது. சில விசிறிகளின் ஓரத்தில் அம்புக்குறியும் இருக்கும். சந்தேகமாயிருந்தால், யந்திரத்தை ஓடவிட்டு ஒரு ஊதுவத்தியைக் கொளுத்தி அருகில் பிடித்தால், புகை போகும் வழி பிரத்தியட்சமாய்த் தெரிந்துவிடும். மூன்று விசிறிகளில் இரண்டு உள்ளே இழுத்து, ஒன்று மட்டும் தலைகீழாக மாட்டப்பட்டு வெளியே தள்ளுகிற விபரீதத்தை ஒரு ஸ்டூடியோவில் நானே கண்டிருக்கிறேன். பக்கத்து விசிறிகள் உள்ளே அனுப்பிய சூட்டையே இது திரும்ப விழுங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த கேள்வி, ரேடியேட்டரைக் கணிப்பொறியின் கூடான கேபினட்டின் எந்தப் பக்கத்தில் மாட்டுவது என்பது. முன்பக்கத்தில் மாட்டி வெளிக்காற்றை உள்ளே இழுக்கச் செய்தால், அறையில் கிடைக்கும் மிகக் குளிர்ந்த காற்று ரேடியேட்டருக்கே முதலில் கிடைக்கிறது. பிராசசருக்கு அது சிலாக்கியம். ஆனால் ரேடியேட்டரைக் கடந்து சூடான காற்று கேபினட்டுக்குள் பரவுவதால், திரையில் படங்களை வரையும் கிராபிக்ஸ் கார்டு சில டிகிரி அதிகமாகச் சூடேறும். மேற்கூரையில் மாட்டி உள்காற்றை வெளியேற்றச் செய்தால் நிலைமை மாறுகிறது: முன்பக்கத்து விசிறிகள் தரும் குளிர்ந்த காற்று கிராபிக்ஸ் கார்டுக்குப் போகிறது, அது தன் உஷ்ணத்தைக் கலந்து அனுப்பிய காற்றை ரேடியேட்டர் ஏற்க நேரிடுகிறது. விளையாட்டிலே கிராபிக்ஸ் கார்டுதான் அதிகம் உழைக்கிறது, சில கார்டுகள் 450 வாட் வரை இழுக்கின்றன. ஆகவே விளையாடுகிறவர் மேலே மாட்டிக்கொள்ளட்டும். பிராசசரையே பெரிதும் நம்பி வீடியோ தயாரிக்கிறவருக்கு முன்பக்கமே உசிதம். இரண்டுக்கும் உள்ள பேதம் சில டிகிரிகளே என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இடத்தைப் பற்றி உண்மையில் மீறக்கூடாத விதி வேறொன்று. மூடிய சுற்றுக்குள்ளும் சிறிதளவு காற்று எப்போதும் இருக்கும். ரப்பர் குழாயின் சுவர் வழியாக ஆண்டுக்கணக்கில் தண்ணீர் கசிந்து ஆவியாவதால் அந்தக் காற்றின் அளவு கூடிக்கொண்டும் போகும். காற்று மேலே ஏறும் ஸ்வபாவமுடையது. சுற்றில் மிக உயர்ந்த இடம் எதுவோ, அங்கே அது தங்கும். பெரும்பாலான குளிரூட்டிகளில் பம்பு பிராசசரின் மேலுள்ள மூடியிலேயே இருக்கிறது. ரேடியேட்டரைக் கேபினட்டின் அடித்தளத்தில் மாட்டினால் பம்பே உயர்ந்த இடமாகிவிடுகிறது. காற்றுக் குமிழிகள் அதற்குள் புகுந்து சலசலவென்று சத்தம் உண்டாகும், தண்ணீரால் உயவு பெற வேண்டிய பம்பு வறண்டு தேய்ந்து சீக்கிரம் ஆயுளை முடித்துக்கொள்ளும். ரேடியேட்டரின் உச்சி பம்பைவிட உயர்ந்திருந்தால் போதும், குமிழிகள் அங்கே போய்ச் சாந்தமாகத் தங்கிவிடும். முன்பக்கத்தில் மாட்டுகிறவர், குழாய்கள் கீழ்ப்பக்கமாக இருக்கும்படி வைத்தால் இன்னும் உத்தமம். உச்சியில் சேர்ந்த காற்று குழாய்க்குள் வராது.

இதுவரை சொன்னவை எந்த ஊருக்கும் பொருந்தும். காவிரி டெல்டாவுக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது புழுதியைப் பற்றி. சம்பாவும் தாளடியும் அறுவடையாகும் தை, மாசி மாதங்களில், கதிர் அறுக்கும் இயந்திரங்கள் வயலெங்கும் ஓடிக் கிளப்புகிற தூசியும், நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் நெல்லைத் தூற்றுகிறபோது பறக்கிற பதரும் சுனையும், அரிசி ஆலைகளின் உமித்தூளும் காற்றில் கலந்து கிராமத்து வீடுகளுக்குள் மட்டுமல்ல, ஒரத்தநாடு, திருவாரூர் போன்ற ஊர்களின் கடைத்தெரு வரையிலும் வந்து படிகின்றன. நெற்சுனை சாதாரண மண் தூசியைப் போன்றதல்ல. கூர்மையான மெல்லிய நார்களாக இருப்பதால், ரேடியேட்டரின் தகடுகளில் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கம்பளி விரித்தாற்போல் அடைத்துவிடும். அப்படி அடைபட்ட ரேடியேட்டரின் முன் எத்தனை விசிறி சுழன்றும் பயனில்லை.

ஆகையால் இங்கே இரண்டு காரியங்கள் செய்யத்தக்கவை. உள்ளே காற்றை இழுக்கும் விசிறிகளின் மொத்த பலம் வெளியே தள்ளும் விசிறிகளின் பலத்தைவிடச் சற்று மிகுந்திருக்க வேண்டும். இழுக்கும் வழிகளுக்கு மெல்லிய வலை வடிகட்டி போட்டிருக்க வேண்டும். அப்போது கேபினட்டுக்குள் அழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இருந்து, சந்து பொந்துகளின் வழியே காற்று வெளியே கசியுமே தவிர உள்ளே நுழையாது. மேற்கூரையில் மூன்று, பின்பக்கம் ஒன்று என்று நான்கு விசிறிகள் வெளியே தள்ள, முன்பக்கம் இரண்டே இழுத்தால் இதற்கு நேர்மாறாக நடந்து, வடிகட்டியில்லாத ஒவ்வொரு துவாரமும் புழுதிக்கு வாசலாகிவிடும். மற்றொரு காரியம், முன்பக்கத்தில் மாட்டும்போது விசிறியை ரேடியேட்டருக்கு உட்புறமாக வைத்து, காற்றை அதன் ஊடே இழுக்கும்படி செய்வது. தள்ளினாலும் இழுத்தாலும் குளிர்ச்சியில் சொல்லத்தக்க வித்தியாசமில்லை. ஆனால் தள்ளும் முறையில் புழுதி விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே ஒளிந்துகொள்கிறது, இழுக்கும் முறையில் ரேடியேட்டரின் வெளிமுகத்திலேயே படிகிறது. முன்மூடியைக் கழற்றி ஒரு மிருதுவான பிரஷ்ஷால் துடைத்தெடுத்துவிடலாம். புளோயரால் ஊதுகிறவர்கள், விசிறியின் இதழை விரலால் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். காற்று வேகத்தில் அது வெறித்தனமாகச் சுழன்றால் அச்சு தேய்வதோடு, மோட்டாரே மின்சாரத்தை உண்டாக்கி மின்பலகைக்கு அனுப்பவும் கூடும்.

புழுதிக்கு அடுத்தது வெயில். அறைக் காற்றின் சூட்டுக்குக் கீழே தண்ணீரைக் குளிர்விக்க எந்த ரேடியேட்டராலும் இயலாது. நல்ல அமைப்பில் தண்ணீர் அறையைவிடப் பத்துப் பன்னிரண்டு டிகிரி மேலே நிற்கும். கத்திரி வெயிலில் ஓட்டு வீட்டு மாடியறை 38 டிகிரி இருந்தால் தண்ணீர் 50-ஐத் தொடும். பிராசசர் அதற்கும் முப்பது, முப்பத்தைந்து டிகிரி மேலே போகும். இத்தகைய பம்புகளும் குழாய்களும் தாங்குவதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை 60 டிகிரி. ஆகவே கொஞ்சம் இடம் மீதி இருக்கிறது, அதிகமில்லை. சுவரோடு ஒட்டியோ, மேஜையின் மூடிய அறைக்குள்ளோ கேபினட்டை வைத்தால், தான் விட்ட சூட்டையே தான் குடித்து அந்த மீதியையும் இழந்துவிடும். ஒரு ஜான் இடைவெளி எல்லாப் பக்கமும் வேண்டும். விசிறியின் வேகத்தைப் பிராசசரின் சூட்டோடு இணைக்காமல், வசதியிருந்தால் தண்ணீரின் சூட்டோடு இணைப்பதும் நன்று. பிராசசரின் சூடு நொடிக்கு நொடி துள்ளும், தண்ணீரின் சூடு மெல்ல ஏறி மெல்ல இறங்கும், விசிறியும் ஓலமிடாமல் அதன்படி நடக்கும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்றெல்லாம் ஈரமாயிருக்கிறதே, குழாயின்மேல் நீர் துளிர்த்து மின்பலகையில் சொட்டாதா என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. காற்றிலுள்ள ஈரம் துளியாக வேண்டுமானால், தொடும் பொருள் காற்றைவிடக் குளிர்ந்திருக்க வேண்டும். ரேடியேட்டரால் குளிரும் தண்ணீர் அறையைவிட ஒருபோதும் குளிர்வதில்லை என்று மேலே சொன்னோம். ஆகையால் அந்தப் பயம் அநாவசியம். ஐஸ் கட்டியைப் போட்டுப் பரீட்சை செய்கிறவர்களுக்கு மட்டும் அது நியாயமான பயம்.

சூட்டைப் பற்றி மேல்நாட்டார் செய்த ஒரு தந்திரம் இவ்விடத்தில் சொல்லத்தக்கது. ஐபிஎம் கம்பெனி 1980-இல் வெளியிட்ட 3081 என்ற கணிப்பொறி தண்ணீரால் குளிர்ந்தது. 1985-இல் வந்த கிரே-2 மின்சாரம் பாயாத ஒரு திரவத்தில் முழுக்க மூழ்கி நின்றே வேலை செய்தது. அந்நாளில், தண்ணீரைச் சில்லென்று குளிர்வித்து அனுப்பவே பெருஞ் செலவு செய்தார்கள். ஜெர்மனியில் மியூனிக் நகரத்துக்கு அருகிலுள்ள கார்ஷிங்கில் 2012-இல் அமைந்த சூப்பர்மக் கணிப்பொறியிலோ, வெதுவெதுப்பான தண்ணீரையே சில்லுகளுக்கு அனுப்பினார்கள். எண்பது டிகிரியில் இருக்கும் சில்லுக்கு நாற்பது டிகிரித் தண்ணீரும் குளிர்ச்சிதானே! வெளியே வரும் இன்னும் சூடான தண்ணீரை வெளிக்காற்றே ஆற்றிவிடும். பனிக்காலத்தில் கட்டடங்களைக் கதகதப்பாக்கவும் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். நம் ஊரில் கட்டடத்தைச் சூடாக்க ஒருவரும் விரும்பமாட்டார்கள் என்றாலும், குளிர்சாதன யந்திரத்தை நம்பாமல் ரேடியேட்டரும் விசிறியும் மட்டுமே வெப்ப தேசத்திலும் இந்த வேலையைச் செய்யக்கூடும் என்பதற்கு அந்தத் தத்துவம் தைரியம் தருகிறது.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் ஒரே தொகுப்பாக முத்திரையிட்டு விற்கும் குளிரூட்டிகளைத் திறக்கவே வேண்டாம். அவற்றில் பெரும்பாலும் ரேடியேட்டர் அலுமினியம், பிராசசரைத் தொடும் தகடு தாமிரம். இவ்விரு உலோகங்களும் ஒரே திரவத்தில் இருந்தால் அலுமினியம் அரிக்கப்படும் என்பதனால், அதைத் தடுக்கும் மருந்தை உள்ளிருக்கும் திரவத்தில் கலந்திருக்கிறார்கள். தாமாகவே குழாய் இணைத்துச் சுற்று அமைக்கிறவர்கள் தாமிரமும் பித்தளையுமே பயன்படுத்தி, அலுமினியத்தை விலக்க வேண்டும். போர் தண்ணீர், குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர் எதுவும் உதவாது. உப்புப் படிந்து பிராசசரின் மேலுள்ள தகட்டின் மயிரிழை போன்ற வாய்க்கால்கள் அடைபடும், பாசியும் பிடிக்கும். காய்ச்சி வடித்த நீரும், அதற்கென்று விற்கும் மருந்தும் வேண்டும். முதன்முதலில் நிரப்பியதும், மற்ற உறுப்புகளுக்கு மின்சாரம் கொடுக்காமல், இணைப்புகளின் அடியில் வெள்ளைக் காகிதத்தை வைத்து, பம்பை மட்டும் ஒரு நாள் முழுவதும் ஓடவிட்டுப் பார்க்கவேண்டும். ஈரத்தைக் காகிதம் காட்டிக்கொடுத்துவிடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு என்னுடைய அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். 125 வாட்டுக்கு உட்பட்ட பிராசசர் வைத்திருப்பவருக்கு நல்ல காற்றுக் குளிரூட்டி ஒன்று தாராளமாகப் போதும். அதன் விலையைப் போல் இரண்டு மூன்று மடங்கு கொடுத்து, ஐந்தாறு வருஷத்தில் ஆயுள் முடியக்கூடிய பம்பையும் சேர்த்து வாங்குவது அலங்காரச் செலவு. இரவெல்லாம் ஓடும் 200 வாட்டுக்கு மேற்பட்ட பிராசசருக்குத்தான் தண்ணீர் தன் தகுதியைக் காட்டுகிறது. அப்படி வாங்குகிறவர்கள், கடைக்குப் போகுமுன் கேபினட்டின் முன்பக்கத்து உள்ளளவை ஸ்கேல் வைத்து அளந்துகொண்டு போங்கள். 360 என்று பெயர் பெற்ற ரேடியேட்டர் உண்மையில் 390 மில்லிமீட்டருக்குக் குறையாத நீளம் இருக்கும். பூட்டிக் கொடுக்கிறவர், இடமில்லை, அடியில் மாட்டித் தருகிறேன் என்று சொன்னால் சம்மதிக்காதீர்கள். சிறியதொன்றை வாங்கி மேலே மாட்டச் சொல்லுங்கள்.